தழும்பு பார்த்து ஆள் சேர்த்தவர்

செய்தி வந்தபோது என் வாயில் இட்டிலி இருந்தது. காலையில் பசியாறிக்கொண்டிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஜெயாவின் கணவர் சேகர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "ஜெயா போயிட்டா. தூக்கத்துலயே. நெஞ்சுன்னு டாக்டர் சொல்றாரு." அவ்வளவுதான். என் மனைவி இந்திரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அழவில்லை. வாயில் இருந்ததை மென்றேன். எங்களைப் போல் அறுவை சிகிச்சை செய்து வயிற்றைச் சிறிதாக்கிக்கொண்டவர்கள் அவசரத்தில் விழுங்கினால் நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொள்ளும். "கூரையே இடிஞ்சு விழுந்தாலும் மென்னு முடிச்சிட்டு ஓடுங்க" என்று ஜெயா சொல்வார். கூழாகும்வரை மென்று விழுங்கினேன். பிறகுதான் அழுதேன்.

நாங்கள் ஜெயா என்று கூப்பிடும் ஜெயக்கொடியை உங்களில் பலருக்குப் பத்து காவான் ஊரில் அண்டை வீட்டுக்காரராகத் தெரியும். சிலருக்குத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகத் தெரியும். எங்கள் சனிக்கிழமை குழுவில் அவர் யார் என்று உங்களுக்கு யாராவது எழுதிச் சொல்ல வேண்டும் என்று சேகர் கேட்டபோது, நான் எழுதுகிறேன் என்றேன். எனக்கு எழுத்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனாலும் ஜெயக்கொடி என்ற பெயரை என் கையால் எழுத முடிகிறதே. அந்தச் சந்தோஷத்தை இந்தத் துக்கத்திலும் என்னால் மறைக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் பைராம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவன். கடைசிக் காலத்தில் லாரியில் ஏறவே பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. சீனி வியாதி, முட்டி வலி, படுத்தால் மூச்சு முட்டும். டாக்டர் சொன்னபடி அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வயிற்றைச் சிறிதாக்கிக் குடலை மாற்றித் தைத்தார்கள். உடம்பு இறங்கியது. சீனி வியாதி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். ஜார்ஜ்டவுனில் மகள் வீட்டுக்குக் குடிவந்தபோது பழைய சட்டையில் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். டாக்டர் செய்ததுதான் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. முருகனுக்கு விரதம் இருந்து இளைத்தவர் என்றே என்னை அறிமுகப்படுத்துவார்கள். நான் மறுத்தால், டாக்டருக்குக் கை கொடுத்தது யார் என்று கேட்பார்கள்.

இரண்டு வருடம் கழித்துத்தான் தொல்லை தொடங்கியது. சாப்பிட்ட பிறகு திடீரென்று நெஞ்சு படபடக்கும். வேர்த்துக் கொட்டும். கண் இருட்டும். பாதம் மரத்துப்போகும். யாரிடம் சொன்னாலும், இவ்வளவு இளைத்த பிறகு என்ன குறை என்று கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லது நடந்த பிறகு குறை சொல்வது நன்றிகெட்ட வேலை என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். விரதம். வெறும் வயிறு. தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். வெயில் தாங்காமல் ஒரு பந்தலில் ரோஸ் சிராப் வாங்கிக் குடித்தேன். அடுத்த பந்தலில் இன்னொரு குவளை. அதற்கடுத்த பந்தலில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மலைப்படி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. குடத்திலிருந்து பால் தோளில் வழிந்தது. பேச நினைத்தேன். நாக்கு புரளவில்லை. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது.

"அருள் வந்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

உறுமிக்காரர்கள் என்னைச் சுற்றி வந்து வேகமாக அடித்தார்கள். குடத்தை ஒருவர் வாங்கிக்கொண்டார். நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். ஓர் அம்மா தன் மகளை இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தி, இவளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டார். எனக்கு எல்லாம் கேட்டது, எங்கோ தூரத்தில் கேட்பதுபோல். சாகப்போகிறேன் என்று தெரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை. "வீட்டுக்கு... வீட்டுக்கு..." என்று ஏதோ உளறினேன். "மாப்பிள்ளை வீடு தேடி வருவாராம்" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். இந்திரா கூட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டாள். உள்ளே வர முடியவில்லை. அவளுக்கும் இது அருள்தானோ என்று சந்தேகம்.

அப்போது தொப்பி போட்ட ஒரு பெண் உறுமிக்காரர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர்தான் ஜெயா. என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையில்லாத என் வயிற்றைப் பார்த்தார். அங்கே சின்னச் சின்னதாக ஐந்து தழும்பு. காதருகே குனிந்து, "அண்ணே, கொழுப்புக்கு ஆப்ரேஷன் பண்ணீங்களா? தலைய மட்டும் ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன்.

"அடிக்கிறத நிறுத்துங்க. இது அருள் இல்ல. ஒடம்புல சீனி எறங்கிருச்சு."

கூட்டத்தில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி நிக்கிற ஒடம்பும்மா. தொடாத."

"நிக்கட்டும் ஐயா. ஆளு விழுந்துட்டா சாமி எதுல நிக்கும்?"

பையிலிருந்து குளுக்கோஸ் வில்லைகளை எடுத்து, என் தாடையைப் பிடித்துக் கன்னத்துக்குள் வைத்தார். யாரோ நல்ல எண்ணத்தில் பெரிய குவளை சிராப் நீட்டினார்கள். அதைத் தடுத்தார். அதைக் குடித்தால் ஏறின வேகத்தில் திரும்பவும் இறங்கிவிடும் என்று சொன்னார். உறுமி நின்றது. என் நடுக்கம் நிற்கவில்லை. பெரியவர் முறைத்துக்கொண்டே நின்றார். ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டு என் கண்ணையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில், இரண்டாகத் தெரிந்த அவர் முகம் எனக்கு ஒரு முகமாகத் தெரிந்தது. அடுத்து ஏதாவது சாப்பிட வேண்டும் என்றார். நான் விரதம் என்று முனகினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்துப் பந்தலில் கடலைச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தொன்னை வாங்கி, நேராகப் பெரியவர் கையில் கொடுத்தார். "பிரசாதம்தானே ஐயா. நீங்களே ஊட்டுங்க." பெரியவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு உட்கார்ந்து எனக்கு ஒவ்வொன்றாக ஊட்டினார். மென்று சாப்பிடச் சொல்லி ஜெயா என்னை மிரட்டினார். கல்யாணம் கேட்ட அம்மாதான் பாவம், கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை லெபோ பாசார் தெருவில் தமிழ் முஸ்லிம் காக்கா ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். அங்கே அவர் குழு. எல்லாரும் என்னைப் போல் வயிற்றை வெட்டிக்கொண்டவர்கள். பத்து காவானில் தொழிற்சாலை வேலை செய்யும் ரோஸ்னா என்ற மலாய்க்காரப் பெண் முடி கொட்டுவதைப் பற்றிப் பேசினாள். ஜெயா தனக்கு இரத்தம் குறைந்து படியேற முடியாமல் போனதைச் சொன்னார். யாரும் யாரையும் பார்த்து, இளைத்துவிட்டீர்களே என்று பாராட்டவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. நாலு பேருக்கு ஒரு தோசை சொல்வோம். "நீங்க சாப்பிட்டா நான் கடையை மூடிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்று காக்கா முணுமுணுப்பார். ஆனால் எங்கள் மேசையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்.

அந்த மேசைக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் ஜெயா தோசையை அவர் பக்கம் தள்ளி, "பொய் சொல்லாம சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்பார். நல்லா இருக்கேன் என்றால் மறுபடியும் அதையே கேட்பார். என் பாதம் மரத்துப்போவதை அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதே எனக்கு அங்கேதான் விளங்கியது. ஊசி போட வேண்டியிருந்தது. முதல் ஊசிக்கு என்னோடு கிளினிக்குக்கு வந்தார்.

மலையடியில் தற்செயலாக என்னைப் பார்த்தது என் அதிர்ஷ்டம் என்று ஒருநாள் சொன்னேன். ஜெயா சிரித்துவிட்டார். "தற்செயலாவா? நல்லா கேட்டீங்க அண்ணே. நான் வருஷா வருஷம் அந்தப் படிக்கட்டுக்கிட்டதான் நிக்கிறேன். நம்ம ஆளுங்க சட்டை இல்லாம வெளிய வர்றது அன்னைக்கு ஒருநாள்தானே." தனக்கு முடியாமல் போன காலத்தில் பேச ஓர் ஆள் கிடைக்காமல் தவித்தாராம். இதே தழும்போடு இந்த ஊரில் இன்னும் பல பேர் இருக்க வேண்டும், எங்கே போய்த் தேடுவது என்று யோசித்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்தாராம்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அவர் தோசையைத் தொடவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. மேலுதட்டில் வேர்வை. ரோஸ்னா கேட்டதற்கு, வயிற்றில் காற்றுதான் என்று மலாயில் சொல்லிச் சமாளித்தார். விடாமல் வயிற்று வலி வந்தால் காற்று என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் அவர். நான் தோசைத் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"பொய் சொல்லாம சொல்லு தங்கச்சி."

தேநீர் கலக்குவதை நிறுத்தினார். பிறகு, "நேத்துலேருந்து வலிக்குது அண்ணே. நானே போய்ப் படுத்துட்டா, இவங்கள்லாம் பயந்துருவாங்க" என்றார்.

அவர் காடியை நான்தான் ஓட்டினேன். சனிக்கிழமை நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கும் விடிய விடிய எரிவதுபோல் இருந்தது. பின்னிருக்கையில் ஜெயா, ரோஸ்னா மடியில் சுருண்டு கிடந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். அதன் பிறகு சத்தமே இல்லை. "பேச்சு குடுத்துக்கிட்டே இரும்மா" என்று ரோஸ்னாவிடம் கத்தினேன். லாரியில் எத்தனையோ மழையில், சேற்றில் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குப்போல் பயந்து ஓட்டியதில்லை. அவசரப் பிரிவில், முன்பு செய்த அறுவை சிகிச்சையைச் சொன்னதும் டாக்டர் மறு கேள்வி கேட்கவில்லை, உடனே உள்ளே கொண்டுபோனார். குடல் நழுவி முறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் கண் விழித்த ஜெயா, மிச்சத் தோசையை யார் சாப்பிட்டது என்று கேட்டார். காக்கா கட்டிக் கொடுத்தனுப்பியது என் கையில்தான் இருந்தது.

அப்போது நான் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். மாத்திரைப் பெட்டியை ஒவ்வொரு முறையும் மகளிடம் நீட்ட வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த ஜெயாவுக்குத்தான் என் முதல் செய்தியை எழுதினேன். 'இன்று சாப்பிட்டாயா. பொய் சொல்லாமல் சொல்.' இதை எழுத எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவர் குரல் பதிவு அனுப்பினார். சிரிப்பும் இருமலும்தான் கேட்டது. தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று திட்டினார். அதன் பிறகு அவர் வாழ்ந்த ஒரு வருடமும் தினமும் எழுதினேன். தினமும் உண்மையைச் சொன்னார்.

அவர் போய் ஒரு மாதத்தில் தைப்பூசம் வந்தது. நான் குடம் எடுக்கவில்லை. ஒரு பையில் குளுக்கோஸ் வில்லையும், ஜெயாவின் சின்ன டப்பாவில் அவித்த கடலையும் எடுத்துக்கொண்டு போய், மலைப்படிக்குப் பக்கத்தில் நின்றேன். இந்திரா குடை பிடித்தாள். எல்லாரும் காவடிகளைப் பார்த்தார்கள். நான் வயிறுகளைப் பார்த்தேன். ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக்கூடப் போனார்.

உச்சி வெயிலில் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் காவடி, வயிற்றில் ஐந்து தழும்பு, கைத்தோல் துணிபோல் தொங்கியது. நடுக்கம் எதுவும் இல்லை. ஓய்வுக்காக நிழலில் நின்றபோது பக்கத்தில் போனேன். ஆப்ரேஷன் ஆகி எவ்வளவு நாளாகிறது என்று கேட்டேன். திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று அவசரமாகச் சொன்னார்.

ஜெயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த டப்பாவும், அந்த இடமும், ஒரு கேள்வியும்தான். டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

"பொய் சொல்லாம சொல்லுங்க தம்பி. எப்படி இருக்கு?"

அவர் காவடியை இறக்கி வைத்தார்.