பல் மெஷினை மிதித்த அத்தை

எனக்கு ஏழு வயதில் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. வேறு வீடாக இருந்தால் நூலைக் கட்டி ஒரே இழுப்பில் கதையை முடித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலோ அதைத் தொடவே தடை. தடை போட்டது அத்தை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இலங்கையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பத்தாவது வரை படித்த ஒரே பெண். பதுளை டவுனில் ஒரு சிங்களப் பல் டாக்டரிடம் உதவிக்குச் சேர்ந்திருந்தாள்; அந்த வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த டாக்டர் அவ்வப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பார். போன முறை எங்கள் பள்ளிக்கு வந்து பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், மொத்தப் பள்ளிக்கூடமும் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. அதனால்தான் தோட்டத்துப் பெண்ணாகப் பார்த்து அத்தையைச் சேர்த்திருந்தார். இந்த முறை பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தால் வேலை நிலைக்கும். ஓடினால் என்ன ஆகும் என்பதை அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார்:

"சரிவரலேன்னா தோட்டத்துல பேரைப் பதிஞ்சிக்கிட்டு கொழுந்து பறிக்கப் போகட்டும். படிச்சி கிழிச்சது போதும்."

அத்தை அதற்கு வாயே திறக்கவில்லை. என் வாயைத்தான் திறந்து பார்த்தாள். அவளுடைய திட்டம் இதுதான்: நான் முதல் ஆளாக உட்கார வேண்டும். டாக்டர் தொட்டதும் பல் கையோடு வந்துவிடும். நான் சிரித்துக்கொண்டே இறங்க வேண்டும். அதைப் பார்த்து மற்றவர்கள் வருவார்கள்.

"என் வேலையே அந்தப் பல்லுலதான்டி தொங்குது. ஆட்டித் தொலைச்சிடாத" என்று தினமும் மிரட்டினாள்.

கடித்துத் தின்கிற வீட்டு ரொட்டி நிறுத்தப்பட்டது. பேக்கரியில் வாங்கும் மெத்தென்ற பாணைத் தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் தந்தார்கள். பாணுக்குக் கியூவில் நின்ற காலம் அது; அத்தை தன் பங்கையும் எனக்கே தந்தாள். ராஜகுமாரிக்குக்கூட அப்படி ஒரு கவனிப்பு கிடைத்திருக்காது.

டாக்டர் வந்த காலையில் என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கொய்யாக்காயை நீட்டினான். "ஒங்க அத்தே எல்லாப் பல்லையும் புடுங்கிருவாங்க. இப்பவே கடிச்சிக்க" என்றான். அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. கடித்தேன். கொய்யா என் வாயை விட்டு வந்தபோது பல் கொய்யாவில் இருந்தது.

அத்தையின் வேலை ஒரு கொய்யாக்காயில் குத்தி நிற்பதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. பல்லைப் பிடுங்கி, பாவாடையில் துடைத்து, அது இருந்த குழியிலேயே அழுத்தி வைத்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். பெயர் கூப்பிட்டதும் தலையில் தண்ணீர்க்குடம் இருக்கிற மாதிரி தலை அசையாமல் நடந்துபோய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் நிறையத் தலைகள். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பல் நாக்கில் விழுந்தது. விழுங்கிவிட்டேன்.

அத்தை காலிக் குழியைப் பார்த்தாள். விஷயம் தெரியாத டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுத் தேடி, கடைவாயில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்தது மெஷின்! கரண்டு இல்லாத இடங்களுக்கென்று அவர் கொண்டுவரும் மெஷின் அது. தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்தால்தான் பல்லைக் குடையும் ஊசி சுழலும். மிதிப்பது அத்தையின் வேலை.

ஊசி சுழன்றது, நின்றது, விக்கியது, மறுபடி நின்றது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். நானும் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தேன். மிதிகட்டையில் அத்தையின் கால் வெடவெடவென்று நடுங்கியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. எனக்கோ பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு மிதிக்க மாட்டேன் என்கிறாளே! வாய் நிறையப் பஞ்சும் ஊசியுமாக இருந்தபோதே கத்தினேன்:

"மிதிங்கத்தே!"

என்ன உளறலாகக் கேட்டதோ, ஜன்னல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். அடுத்த நொடி பள்ளிக்கூடமே கத்தியது, "மிதிங்கத்தே! மிதிங்கத்தே!" அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள் பாருங்கள், ரயிலே மலையேறுகிற மாதிரி ஒரே சீராக! வலித்தது, வலிக்காமல் என்ன? ஆனால் அந்தக் கூச்சலில் அழ எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

நான் இறங்குவதற்குள் வாசலில் பாண் கியூ மாதிரி வரிசை நின்றுவிட்டது. பல் நன்றாக இருந்தவர்கள்கூட, "எனக்கும் மெஷின் போடுங்க" என்று அடம்பிடித்தார்கள். கொய்யாக்காய்க்காரன் இரண்டு தரம் வரிசையில் வந்து மாட்டிக்கொண்டான்.

சாயந்தரம் டாக்டர் ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அடுத்த கிழமை ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். அத்தை அந்த ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை, அங்கேயே போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குக் குறுக்குப் பாதை இருந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய ரோட்டால் சுற்றி நடந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை நின்றார். கொஞ்சம் தள்ளி அப்பாவும் நின்றார். அங்கே வந்ததும் அத்தையின் நடை ஏனோ மெதுவாகிவிட்டது.

எனக்கோ பசி. கையைப் பிடித்து இழுத்தேன். "கோட்டைக் கழட்ட மறந்துட்டீங்கத்தே!"

"ஆமாடி, மறந்தே போச்சு" என்று சொல்லிவிட்டு, அத்தை கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

படித்த அத்தைக்கு இவ்வளவு மறதியா என்று எனக்கு வீடு வரைக்கும் ஒரே சிரிப்பு.