ஃபோர்த் படித்த ருக்மணியக்கா

குடிநீர் சுத்திகரிக்கும் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவர் நேற்று மூடியைத் திறந்ததும், உள்ளிருந்த புற ஊதா விளக்கின் அந்தக் காரமான வாசனை வந்தது. நாற்பது வருடம் பின்னால் போய்விட்டேன்.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் ஒரு மாடி அறையில், லாரி எடைமேடைகளுக்கு எடைகாட்டும் பெட்டி செய்தோம். உள்ளே ஓடும் நிரலை எல்லோரும் அசெம்பிளி என்ற கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுதுவார்கள். ஒரு வரி பிசகினாலும் சிப்பைக் கழற்றி, ஊதா விளக்கில் அழித்து, மறுபடி எழுத வேண்டும். நான் மட்டும், யாரும் கேள்விப்படாத ஃபோர்த் என்ற இன்னொரு மொழியைத் தூக்கிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி அலைந்தேன். என்னைக் கண்டாலே சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போவார்கள்.

எங்களில் கெட்டிக்காரர் திருச்செங்கோட்டு ருக்மணியக்கா. “நம்ம தமிழ் மாதிரிங்க்கா, வினை கடைசியில வரும்” என்று அவரிடம் ஆசை காட்டினேன்.

“இருக்கட்டுங்க தம்பி. நீங்க லீவு போட்டா இதை யாருங்க படிப்பாங்க?”

முதலாளி ஒரே ஒரு பெட்டிக்குச் சம்மதித்தார். நாமக்கல்லில் அதைப் பொருத்திய அன்றே எடை எண்கள் நிலைகொள்ளாமல் ஆடின. நானும் அக்காவும் போனபோது சரக்கு லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன.

“ஏனுங்க, மதியத்துக்குள்ள சரியாகலைன்னா பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போயிருங்க” என்றார் எடைமேடைக்காரர்.

கையோடு கொண்டுபோன டெர்மினலை, திரையும் கீபோர்டுமான பெட்டியை, மாட்டினேன். சிப்பைத் தொடாமல் அங்கேயே புதிய வரிகளை அடித்தேன். பதினாறு அளவுகளின் சராசரியை எடுக்கச் சொன்னதும் எண்கள் நின்றன. அக்காவை வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன். கரண்ட் போனது.

சிப்பில் ஏறாத வரிகள் அவ்வளவும் அழிந்தன. கரண்ட் வந்தபோது, என்ன அடித்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

“அடிங்க தம்பி, நான் சொல்றேன்.”

அக்கா மடியில் ஒரு நோட்டு. நான் அடித்த ஒவ்வொரு வரியையும் எழுதி வைத்திருந்தார். வாசித்துக்கொண்டே வந்தவர், “இங்க ஒரு எண் மிச்சம் நிக்குதுங்களே, எடுத்துருங்க” என்று திருத்தவும் செய்தார். எடை அசையாமல் நின்றது.

பஸ்ஸில் கேட்டேன்: “எப்பங்க்கா படிச்சீங்க?”

“ஒத்துக்கலைன்னா படிக்கக் கூடாதுங்களா?”

முதலாளியிடம் அவர் உள்ளதைச் சொன்னார்: வேலை செய்கிறது, ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அடுத்த பெட்டி அசெம்பிளிக்கே திரும்பியது. ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். என்ன முட்டாள்தனம்!

கம்பெனி மூடி வெகுகாலமாகிறது. அந்த மாடியில் இப்போது துணிக்கடை. என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே வாசகி அவர்தான். போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.