செயின் ஸ்டிச் போட்ட விடைத்தாள்

திருப்பூரில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சட்டைக் கையைப் பிடித்தால் பதற வேண்டாம். நூல் வெட்டப் போகிறார், அவ்வளவுதான். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், அருள்புரம் போகிற டவுன் பஸ்ஸில் நெருக்கி நின்ற ஓர் அக்கா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், என் சுடிதாரின் தோளோரம் தொங்கிய நூலைப் பிடித்து, கைப்பையிலிருந்து டிரிம்மரை எடுத்து நறுக்கென்று வெட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டிரிம்மர் என்பது விரல் நீளத்துக் குட்டிக் கத்தரி. பனியன் கம்பெனிப் பெண்களின் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். தெற்கே எங்கள் வேம்பார்ப் பக்கத்தில் ஒருத்தி அடுத்தவள் துணியில் இப்படிக் கத்தரி வைத்திருந்தால் ரெண்டு தெருவுக்குச் சண்டை நடந்திருக்கும். நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன். மூன்றே மாதத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அக்கா முதுகில் தொங்கிய நூலை வெட்டிய பிறகுதான், அது அழகுக்காக விட்ட தொங்கல் என்று தெரிந்தது. சாப்பிடாமலே ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த அதிசயம் இவர்களுடைய மரியாதை. முதல்நாள் கண்டக்டர் "கொஞ்சம் உள்ள போங்க" என்றபோது, எந்தப் பெரிய மனுஷிக்குச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊரில் பாசம் இருந்தால் சத்தம் இருக்கும், கோபம் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தம் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே குரலில் வருகிறது. பனியன் கம்பெனியில் எனக்கு, தைத்து வந்த துணியில் பழுது தேடுகிற செக்கிங் வேலை. என் சூப்பர்வைசர் சுந்தரி அக்கா, பல்லடத்துக்காரர், நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் சிரித்த முகமாக வந்து, "ஏனுங்க கண்ணு, இந்தப் பீஸையெல்லாம் நல்லாப் பாத்துத்தானுங்க போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் அக்கா என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த துணிக்கட்டை எடுத்தேன். நான் பார்த்து அனுப்பிய கட்டு முழுவதும் டேமேஜ் என்று திரும்பி வந்திருந்ததும், அக்கா கேட்டது உச்சக்கட்டத் திட்டு என்பதும் சாயங்காலம் பக்கத்து டேபிள்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த மரியாதையைப் புரிந்துகொள்ளத் தெரியாமல்தான் பின்னால் ஒரு வருடப் படிப்பையே தொலைக்கப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். நான் பிளஸ் டூ முடித்ததும், திருப்பூருக்குப் போனால் படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொல்வதை நம்பி இந்த ஊருக்கு பஸ் ஏறாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. காலையில் எட்டரைக்கு பி.காம். வகுப்பு, பன்னிரண்டரைக்கு முடியும். ஒன்றரைக்குள் கம்பெனிக்குப் போய் எட்டரை வரை நின்றால் ஒரு ஷிப்ட் எழுதுவார்கள். அந்தச் சம்பளத்தில் ரூம் வாடகையும் சாப்பாடும் ஓடும். கல்லூரிக் கட்டணம் ஊரில் இருக்கிற பேங்கில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து வரும், ஒரேயடியாக அல்ல, வருடா வருடம். அரியர் ஒன்றுகூட இல்லாத மார்க் ஷீட்டை நேரில் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த வருடத்துப் பணம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, கடன் இருந்தால்தான் படிப்பு, படித்தால்தான் கடன், வேலை இருந்தால்தான் ரெண்டும். கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஓட்டம் பிடித்திருந்தது. தூக்கக் கலக்கமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, ரெண்டு வருடமும் தரையிலிருந்து ஒரு சாண் மேலேயே நடந்துகொண்டிருந்தேன். துணிக்கட்டின் மேல் நோட்டை விரித்து வைத்து, காலரைப் பார்த்தபடி ஒப்பந்தச் சட்டம் படித்திருக்கிறேன். வகுப்பில் பேராசிரியர் போர்டில் எழுதத் திரும்பினால் அவர் சட்டையின் முதுகுத் தையலில் எத்தனை இடத்தில் ஊசி தாவியிருக்கிறது என்று எண்ணியிருக்கிறேன்.

ரெண்டாம் வருடத்தின் கடைசிப் பரீட்சை, வணிகச் சட்டம். கம்பெனியில் அதே வாரம் ஷிப்மென்ட். லீவெல்லாம் கிடையாது, பரீட்சை எழுதிவிட்டு ஒன்றரைக்கு வந்துவிட வேண்டும் என்று சுந்தரி அக்கா மரியாதையாகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் எழுநூறு டீ ஷர்ட்டாவது பார்த்திருப்பேன். ஒவ்வொன்றிலும் கழுத்து, கை, அடிமடிப்பு என்று விரல் ஓடும், நூல் தட்டுப்பட்டால் நிற்கும், வெட்டும், மறுபடி ஓடும். மூளைக்கு அதில் வேலையே கிடையாது. பரீட்சை ஹாலில் விடைத்தாள் புத்தகம் கைக்கு வந்தது. நடுவில் தாளை உருவி மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அதன் முதுகில் மிஷின் தையல் போட்டிருப்பார்கள். அடிப்பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு நூல் தொங்கியது. நான் பதிவெண்ணை எழுதிக்கொண்டிருந்தேன், சத்தியமாக அதைப் பார்க்கவில்லை. என் இடது கை பார்த்துவிட்டது. டிரிம்மர் வெளியே பையில் இருந்ததால், நகத்தால் பிடித்து ஒரு சுண்டு சுண்டியது.

அரிசி மூட்டையின் வாயில் இருக்கும் தையலைச் சரியான முனை பார்த்து இழுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆனது. சர்ரென்று ஒரே சத்தம். தாளெல்லாம் தனித்தனியாக என் மடியிலும் தரையிலும் கிடந்தன. நூல் மட்டும் சுருள் சுருளாக என் விரலில் இருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பயந்தால் சிரிப்பு வரும். வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் அருகில் வந்து, என்னையும் தாள்களையும் பார்த்தார், பிறகு பூப்போலச் சொன்னார்: "அதையெல்லாம் அப்படியே எடுத்துட்டு எந்திரிச்சு வாங்க." எவ்வளவு நல்ல டீச்சர், புதுப் புத்தகம் தரக் கூட்டிப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தால் ஹெட்மாஸ்டர் போட்ட சத்தத்திலேயே என் நிலைமை எனக்குத் தெரிந்திருக்கும். இங்கே சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டே பின்னால் போனேன்.

தேர்வுக் கண்காணிப்பாளரின் அறையில் உட்காரச் சொன்னார்கள். அவர் நரைத்த தலைக்காரர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். பிறகு ஒரு பாரத்தை நீட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். புத்தகம் வாங்கியதற்கான கையெழுத்து என்று நினைத்துப் பேனாவை வைத்தும்விட்டேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்ட பிறகுதான் மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. விடைத்தாளைப் பிரித்துத் தாள் மாற்ற முயன்றதாக நானே ஒப்புக்கொள்கிற பாரம் அது. அதில் கையெழுத்துப் போட்டால் அந்த செமஸ்டரில் எழுதிய எல்லாப் பேப்பரும் ரத்தாகும். மார்க் ஷீட் இருக்காது. பேங்க் பணம் வராது. மூன்றாம் வருடம் என்று ஒன்று எனக்கு இருக்காது. சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், இது செயின் ஸ்டிச்சு சார்," என்றேன். "கடைசி முனையப் புடிச்சா முழுசும் வந்துரும். நான் கம்பெனில செக்கிங். கை தானாப் போயிருச்சு சார்."

"கை தானாப் போகுமாங்க?" என்றார் அவர். குரலில் அதே மரியாதை. இப்போது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுதாத புத்தகம் ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். அவர் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் கூரையைப் பார்த்தார். புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை உருவி மேசையில் வைத்தார்கள். முதுகைத் தடவினேன், முனை கிடைத்தது, ஒரே இழுப்பு. மின்விசிறிக் காற்றில் தாள்கள் அறையெங்கும் பறந்தன. அவர் தானே இன்னொரு புத்தகத்தை எடுத்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பக்கம் இல்லை சார், மறுபக்கம் என்றேன். மறுபக்கம் இழுத்தார். சர்ர்ர். அந்த மனிதரின் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு டீச்சர் ஒன்றை இழுத்துப் பார்த்தார். கிளார்க் எழுந்து வந்து, நானும் ஒண்ணு பாக்கறேனுங்க என்று கேட்டு வாங்கி இழுத்தார். ஐந்து புத்தகம் காலி. நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து தாள் பொறுக்கினோம். மறுபடியும் எனக்குச் சிரிப்பு வந்தது, இந்த முறை பயத்தால் அல்ல.

பாரத்தை ரெண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் புதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். "முப்பத்தஞ்சு நிமிசம் போயிருச்சு. அதையத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்ல. ஓடு கண்ணு," என்றார்.

ஓடினேன். இடது கையைத் துப்பட்டாவில் சுற்றித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினேன். எழுதியது சட்டமா, சொந்தச் சரக்கா என்று இன்றுவரை தெரியாது. மணியடித்ததும் மறுபடி ஓட்டம், பஸ், கம்பெனி. கால் மணி நேரம் லேட். நடந்ததைச் சொன்னபோது சுந்தரி அக்கா தையலைப் பற்றி மட்டும்தான் விசாரித்தார். முனை உருவாதபடி லாக் போடாமல் விட்டவர் யார், அவரை வேலைக்கு வைத்தவர் யார் என்று அவருக்கு ஆறவே இல்லை.

ரிசல்ட்டில் வணிகச் சட்டத்துக்கு ஐம்பத்தெட்டு. அரியர் இல்லை. மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஊருக்கு எடுத்துப் போனேன். கூடவே ஒரு மூட்டை டீ ஷர்ட், கம்பெனியில் கழித்தவை, கிலோ கணக்கில் வாங்கியவை. எங்கள் தெருவில் பாதிப் பேர் உடுத்துவது நான் வேண்டாம் என்று ஒதுக்கியதைத்தான். மறுநாள் காலை அப்பா அதில் ஒரு பச்சையைப் போட்டுக்கொண்டு பேங்குக்கு வந்தார். நெஞ்சில் என்ன பாஷையென்றே தெரியாத எழுத்து. கடன் எங்கள் ரெண்டு பேர் பெயரிலும் இருப்பதால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் மார்க் ஷீட்டை ரெண்டு முறை பார்த்துவிட்டு, மூன்றாம் வருடப் பணத்துக்கு எழுதிவிட்டார். படித்து முடித்ததும் இங்கேயே வந்துவிடுவீர்களா என்று கேட்டார். திருப்பூரில் நான் தெக்கத்திப் புள்ள. இங்கே ரெண்டு வருடமாக எல்லோரும் என்னைத் திருப்பூர்க்காரி என்கிறார்கள்.

அப்பா குனிந்து, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் தோளில் அதைப் பார்த்தேன், ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பீஸில் எந்த இடத்தில் பழுது என்று காட்ட நாங்கள் ஒட்டுவது. அது ஒட்டிய துணி கப்பல் ஏறாது. என் கை மறுபடியும் தானாகவே போனது. அப்பா நிமிராமலே தோளை நகர்த்திக்கொண்டார்.

"கெடக்கட்டும்ட்டி," என்றார். "நீ ஒட்டுனதுதான?"

வாசலுக்கு வந்ததும் நான் திருப்பூர் திரும்புவதற்கு மதுரை பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அப்பா வேலைக்கு நேரமாகிவிட்டதென்று உப்பளம் போகிற பாதையில் வேகமாக நடந்தார். வெளுத்த பாதையில் பச்சைச் சட்டை தூரத்துக்குத் தெரிந்தது. சிவப்பு அம்பு எந்த ஊர்ப் பக்கமும் திரும்பவில்லை. அவருடைய தோளில் நான் கண்டுபிடித்த ஊசி ஓட்டையைக் காட்டியபடியே போய்க்கொண்டிருந்தது.