பொட்டாசியம் டானிக்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கும் என் மகளைப் போலவே வலிப்பு இருந்தது. மாத்திரையில் அவனுக்கு நின்றுவிட்டது, பள்ளிக்கூடம் போனான். அவனுடைய புத்தகப் பை குலுங்கும் சத்தம் கேட்டாலே எனக்குப் பொறாமையாக இருக்கும். என் மகளுக்கோ வலிப்பும் நிற்கவில்லை, பேச்சும் வரவில்லை. "பரம்பரைக் கோளாறு. மூளை நரம்பில் பொட்டாசியம் போகும் வாசல் திறப்பதில்லை. திறக்கும் மருந்து இன்னும் ஆராய்ச்சியில்தான்" என்றார் டாக்டர்.

பொறாமை காத்திருக்குமா? மெடிக்கலில் பொட்டாசியம் டானிக் வாங்கி, ஸ்பூனில் ஊற்றியும்விட்டேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"ஏங்க, எதிர்வீட்டோட ரேஸா ஓடுறீங்க? டாக்டர முதல்ல கேளுங்க."

போனில் டாக்டர் அதட்டினார். "வேணாம் சார்! பொட்டாசியத்துக்குக் குறையில்ல, வாசல்தான் கோளாறு. கூடிப்போனா இதயமே நின்னுடும்."

ஸ்பூனைக் கழுவினேன். இப்போது டாக்டரைக் கேட்காமல் எதுவும் தருவதில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும், "அந்த வாசலத் திறக்குற மருந்து வந்துடுச்சா?" என்று கேட்டபடியே டாக்டர் அறைக்குள் நுழைகிறேன்.