ஒரே போன் நம்பரில் மூன்று பேர்

எங்கள் அலுவலகம் சின்னமனூரில் ஓர் உரக்கடைக்கு மேலே இருக்கிறது. இருபத்திரண்டு படி. பதினான்காவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சின்னத் தொண்டு நிறுவனம் அது. ஒரு வேன், ஒரு நர்ஸ், பன்னிரண்டு ஊர்களில் தொண்டர்கள், ஒரு செயலாளர், கடைசியாக நான். வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயலில் கயிறு கட்டி அளந்து, அந்தத் துண்டை மட்டும் அறுத்து, நெல்லை எடை போட்டு விளைச்சல் சொல்வது என் வேலையாக இருந்தது. அதனால் நோயாளிகளின் பட்டியலை என் தலையில் கட்டினார்கள். நான்கு நோட்டுகளில் எழுதி வந்தேன். பெயர், ஊர், என்ன உபாதை, என்றைக்குப் பார்த்தோம், அடுத்து என்றைக்குப் போக வேண்டும்.

நோட்டில் ஒரு தொல்லை உண்டு. நோட்டு மாடியில் இருக்கும், சிஸ்டர் வேனில் இருப்பார். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது போன் வரும். "சார், அந்தப் பக்கவாதம் வந்த அம்மாவுக்கு வீடு பெருமாள் கோயிலுக்கு மேக்கயா கெழக்கயா?" நான் கண்ணாடியைத் தேடிப் போட்டு, பக்கத்தைப் புரட்டிச் சொல்வதற்குள் வேன் அந்த ஊரைத் தாண்டியிருக்கும்.

இதைப் போக்கியவர் பெரியகுளத்திலிருந்து வந்த ஒரு பெண். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்ப்பவர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தன் கைச்செலவில் பஸ் ஏறி, எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்களுக்கு இலவச மென்பொருள்களைச் சொல்லிக்கொடுப்பார். எதற்காக இந்த அலைச்சல் என்று கேட்டேன். "எங்களுக்கு மதுரையில இருந்து ஒருத்தர் வந்து சொல்லிக்குடுத்தாக சார். அவுகளும் காசு வாங்கல" என்றார். பட்டியலை எல்லோர் போனிலும் ஒரே சமயத்தில் தெரிகிற கணினித் தாளாக மாற்றிக் கொடுத்தார். தொண்டர்கள் தங்கள் ஊரிலிருந்தே புது நோயாளியைப் பதியலாம். நான்கு சனிக்கிழமையில் நோட்டு நான்கும் ஏறிவிட்டன.

புதுத் தாளில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. இரட்டைப் பதிவு. ஒரே ஆளை இரண்டு தொண்டர்கள் தனித்தனியாகப் பதிந்துவிடுவார்கள். கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும் எனக்கு. அந்தப் பெண் இதற்கும் ஒரு வசதி காட்டியிருந்தார். மேலிருந்து கீழே போகிற ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதில் ஒரே மாதிரி இருக்கிற வரிகளில் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். பெயரை வைத்துத் தேடினால் ஆளுக்கொரு எழுத்தில் எழுதியிருப்பார்கள், சிக்காது. போன் நம்பர் ஒரே மாதிரிதானே இருக்கும்? ஒரு வியாழக்கிழமை காலை போன் நம்பர் பத்தியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். எழுபத்தொன்று இருந்தது. ஏழு வரிகள் நீக்கப்பட்டன, அறுபத்து நான்கு மிச்சம் என்று திரை சொன்னது. எழுபத்தொன்றில் ஏழு போனால் அறுபத்து நான்கு. கணக்கு சரி என்று கணினியை மூடினேன். ஏழு பேர் யார் என்று பார்க்கவில்லை.

எங்கள் சிஸ்டர் இருந்திருந்தால் அன்று மாலையே பிடித்திருப்பார். எல்லா வீடும் அவருக்கு மனப்பாடம். மகள் பிரசவத்துக்காக ஒரு மாத விடுப்பில் இருந்தார். பதிலுக்கு வந்த நர்ஸ் நல்ல பெண்தான், ஆனால் ஊருக்குப் புதிது. போனில் தெரிகிற வரிசைப்படி வீடு வீடாகப் போய்வந்தார்.

மாதக் கடைசியில் அலமாரியில் இருக்கிற மருந்துப் பொருள்களை நான் எண்ணுவது வழக்கம். பஞ்சு, கட்டுத்துணி, சிறுநீர் இறங்குவதற்கான குழாய். தானாகச் சிறுநீர் கழிக்க முடியாத பதினோரு பேருக்கு அந்தக் குழாய் போட்டிருந்தது. மாதம் ஒருமுறை மாற்றியாக வேண்டும், விட்டால் அடைத்துக்கொண்டு கிருமி ஏறும். பதினொன்று செலவாகியிருக்க வேண்டும். பத்துதான் குறைந்திருந்தது. மூன்று முறை எண்ணினேன். வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு டியூபு மிச்சம்னா நல்லதுதானங்க. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்றாள் மனைவி.

"பதினோரு பேருக்குப் பத்து டியூபு எப்படிடி பத்தும்?"

"ஒருத்தருக்குக் கொணமாயிருக்கும்."

குணமாகிற உபாதை அந்தப் பதினோரு பேரில் யாருக்கும் கிடையாது. மறுநாள் காலையில் பழைய நோட்டு நான்கையும் எடுத்துவைத்து, தாளோடு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். ஏழு பேரில் இரண்டு பேர் நிஜமாகவே இரட்டை. மற்ற ஐந்து பேரும் ஐந்து தனி மனிதர்கள். குழாய் போட்டிருந்தவர் அந்த ஐவரில் ஒருவர். மார்க்கையன்கோட்டைக்காரர், தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர். அவர் வரியில் இருந்த போன் நம்பர் எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணுடையது. அதே தெருவில் பக்கவாதம் வந்த ஒரு கிழவிக்கும், கால் எடுத்த ஒரு பெரியவருக்கும் அதே நம்பர்தான். மூன்று வீட்டிலும் போன் கிடையாது. நம்பர் இல்லாமல் தாள் பதிவை ஏற்காது என்பதால், தொண்டர் மூவருக்கும் அந்தப் பெண்ணின் நம்பரையே போட்டிருந்தார். மூன்று பேரை ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, கிழவியை மட்டும் விட்டுவைத்திருந்தது தாள்.

விடுப்பில் இருந்த சிஸ்டரைக் கூப்பிட்டேன். "அய்யோ சார், அவருக்கு மாத்தி எத்தன நாளாச்சு?" என்றார். முப்பத்தொன்பது என்றேன். பேத்தியை மகளிடம் கொடுத்துவிட்டு, வேனைத் தன் வீட்டு வாசலுக்கே வரச்சொன்னார்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காய்ச்சல் வந்து இரண்டு நாளாகியிருந்தது அவருக்கு. பையில் இறங்கியது கலங்கலாக, கொஞ்சமாக இருந்தது. சிஸ்டர் கையுறையை மாட்டினார். நான் வெளியே நின்றேன். அவருடைய மனைவி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, வண்டி வரலன்னு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. தப்பு செய்தவன் நான்.

"வண்டி வந்துச்சுங்கய்யா. நான் பாத்தேன். பெரியாத்தா வீட்டுக்கு வந்தாக, பாத்துட்டுப் போயிட்டாக. எங்கள நிப்பாட்டிட்டாக போலன்னு நெனச்சேன். இத்தன நா சும்மா செஞ்சவுகள எப்படிக் கேக்குறது?"

கிழவியின் வீடு அங்கிருந்து ஆறாவது கதவு. வேன் இரண்டு வியாழக்கிழமை அந்த ஆறு கதவைத் தாண்டிப் போயிருக்கிறது.

புதுக் குழாய் போட்டு, வேனிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஐந்து நாள் ஊசி போட்டார்கள். அந்த ஐந்து நாளும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நான்காம் நாள்தான் காய்ச்சல் விட்டது. எழுப்பி உட்கார வைத்திருந்தார்கள். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன், பொத்தான் உட்பட.

"அப்ப என்னைய அழிச்சது நீங்கதானா?" என்றார். பிறகு சிரித்தார். "மரத்துல இருந்து விழுந்தே போகல, உங்க பொத்தானுக்கா போகப்போறேன்?"

மற்ற நான்கு பேரையும் அந்த வாரமே பார்த்து முடித்தோம். ஐந்து வரிகளையும் நோட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தது.

இரண்டு வாரம் கழித்து உத்தமபாளையத்தில் ஒரு கூட்டம். எங்கள் பள்ளத்தாக்கில் இருக்கிற சின்ன நிறுவனங்கள் ஒன்றாகக் கூடி, எந்த மென்பொருள் எப்படிப் பயன்பட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்வதற்கு அந்தப் பெரியகுளத்துப் பெண் ஏற்பாடு செய்தது. பதினோரு நிறுவனம், ஆளுக்குப் பத்து நிமிடம். எங்கள் சார்பில் நான். கிளம்பும்போது செயலாளர் படி வரைக்கும் வந்தார்.

"சார், நல்லதச் சொல்லுங்க. அந்த மார்க்கையன்கோட்டை விசயம் மட்டும் வேணாம். உதவி செய்யுறவுக ரெண்டு பேரு அங்கன வாராக."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேன் ஓடுவது அவர்கள் தயவில். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். முப்பத்தாறு நாற்காலி, இருபத்தொன்பது பேர். வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பட்டியலைச் சுத்தம் செய்ய ஆறு படிகள் என்று அச்சடித்திருந்தது. நாலாவது படியை இரண்டு முறை படித்தேன். போன் நம்பரை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கவும். நான் கண்டுபிடித்த குறுக்குவழி என்றல்லவா நினைத்திருந்தேன். எல்லோருமே அதைத்தான் செய்கிறார்கள்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். அந்த முப்பது நிமிடமும் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். செயலாளர் முகம் ஒருபக்கம். மார்க்கையன்கோட்டையில் சுவரோரம் நின்ற பெண் ஒருபக்கம். இந்த அறையில் இருக்கிறவர்கள் நாளைக் காலை அந்தப் பொத்தானை அழுத்துவார்கள். எத்தனை கதவை எத்தனை வண்டிகள் தாண்டிப் போகும்?

என் முறை வந்ததும், நல்லது எதையும் சொல்லாமல் நேராக நாலாவது படிக்குப் போனேன். எழுபத்தொன்று, ஏழு, அறுபத்து நான்கு, மிஞ்சிய ஒரு குழாய், முப்பத்தொன்பது நாள், ஆறாவது கதவு. ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. 

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கூடலூர்ப் பக்கம், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறும் கூலிப் பெண்களின் உடல்நலத்துக்காக வேலை செய்பவர். "சார், நாங்க உச்சித் தோட்டத்துக்குப் போறவுக எல்லாருக்கும் ஜீப்பு டிரைவர் நம்பரத்தான் போட்டிருக்கோம். மேல போனா அவுக போனுக்கு டவர் கெடைக்காது" என்றார். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். "இந்த ஆறு படியும் போன வாரமே வாட்ஸ்அப்புல வந்துச்சு. நேத்து அழுத்திட்டேன்."

"எத்தனை ஜீப்பு?" என்றேன்.

"நாலு. ஜீப்புக்குப் பதினாலு பேரு."

ஐம்பத்தாறு பேரில் நான்கு பேர் மிச்சம். ஐம்பத்திரண்டு பேர் போயிருக்க வேண்டும். "மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு இருந்துச்சு" என்று மடிக்கணினியைத் திறந்தார். நூற்று அறுபது என்று நான் சொல்லவும் அவர் திரையைப் பார்த்து வாயில் கைவைக்கவும் சரியாக இருந்தது. அடுத்த வாரம் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். யார் யாரைக் கூப்பிடுவது என்பது அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

"அந்த அம்பத்திரெண்டு பேரையும் நோட்டுல எழுதி வச்சிருக்கீகளா?" என்றேன்.

"நோட்டெல்லாம் இல்ல சார்."

பெரியகுளத்துப் பெண் அதற்குள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். "பயப்படாதீக அக்கா. கம்ப்யூட்டர் தாளு தன்னோட பழைய பதிப்ப எல்லாம் வச்சிருக்கும்." மூன்று இடத்தில் தட்டினார். நேற்றுக் காலைத் தேதியைத் தொட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் திரையில் வந்து நின்றன.

கூடமே எழுந்து அந்த மடிக்கணினியைச் சுற்றி நின்றது. நானும் போய்ப் பார்த்தேன். "இது எங்க தாளிலயும் இருக்கா?" என்றேன்.

"இருக்கு சார்."

"நான் ரெண்டு மணி நேரம் உக்காந்து அஞ்சு பேரத் தட்டுனேனே."

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல சார்?" என்றார். மார்க்கையன்கோட்டையில் நான் கேட்ட அதே கேள்வி. எனக்கும் அதே காரணம்தான். இத்தனை சனிக்கிழமை சும்மா வந்து சொல்லிக்கொடுத்தவரிடம் இன்னும் ஒன்றைக் கேட்கக் கூச்சம்.

அவர் எல்லோரிடமும் தாளைத் திரும்ப வாங்கி, நாலாவது படியைப் பேனாவால் அடித்தார். இருபத்தொன்பது தாள். அடித்த இடத்தில் என்ன எழுதலாம் என்று அரை மணி நேரம் பேசினோம். முடிவில் ஒரு புதுப் பத்தி சேர்ப்பதென்று ஆனது. இந்த நம்பர் யாருடையது? அதை நிரப்பாமல் எந்த வரியையும் நீக்கக் கூடாது. அதோடு, நீக்குவதற்கு முன்னால் பெயர்களை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, வீடு தெரிந்த இன்னொருவர் கேட்க வேண்டும்.

உதவி செய்கிறவர்களில் ஒருவர் வெளியே வந்து, பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றார். அவ்வளவுதான். செயலாளரிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் புதுப் பத்தியை நிரப்ப அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பெயரைப் படித்தேன், சிஸ்டர் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். எதிர்வீட்டு மருமகள். பலசரக்குக் கடை. பால் ஊற்றுகிறவர். மகன், திருப்பூரில் இருக்கிறான். தையல்காரப் பெண், தையல்காரப் பெண், தையல்காரப் பெண். சொந்த போன் வைத்திருப்பவர்கள் இருபத்தாறு பேர்தான்.

இப்போது திங்கட்கிழமை தோறும் ஒன்பதரை மணிக்கு அந்தத் தையல்காரப் பெண்ணின் நம்பரிலிருந்து எனக்கு ஒரு போன் வருகிறது. தையல் மிஷின் சத்தம் முதலில் கேட்கும், பிறகு மரத்திலிருந்து விழுந்தவரின் குரல்.

"அய்யா, லிஸ்டுல என் பேரு இருக்கா?"

"இருக்கு. நாப்பத்தேழாவது வரி. வியாழக்கிழம வண்டி வரும்."

"பெரியாத்தா பேரு?"

"இருக்கு."

"கால் எடுத்தவரு?"

அவரையும் பார்த்துச் சொல்கிறேன். மூன்று பேரும் சரி என்றானபிறகுதான் அவர் போனை வைக்கிறார்.