நெவாடாவில் தங்கம் தேடிய மூன்று நாள்

தங்கம் தேடிப் போன கதையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். பாதிவரை நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரில் நாங்கள் குடியேறி மூன்றாவது வருஷம். என் ஆபீஸில் ரிட்டயர் ஆகவிருந்த ஒரு அமெரிக்கர், லீவு கிடைத்தால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நெவாடா பாலைவனத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து கடுகளவு தங்கத்தை எடுத்துக் காட்டினார். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. அவருடைய பழைய மெஷினை இரவல் வாங்கினேன். அடுப்பும் படுக்கையும் உள்ளேயே இருக்கிற ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். லாங் வீக்எண்டில் மனைவியோடு கிளம்பிவிட்டேன்.

"ஊர்ல எல்லாரும் தங்கத்தைக் கடையிலதாங்க வாங்குவாங்க" என்றாள். ஆனாலும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் முழுக்க வெயிலில் மெஷினை ஆட்டினேன். கிடைத்தவை ஆணி, தோட்டா உறை, பீர் கேன் மூடி. இரண்டாம் நாள் காலையில் அவளும் சிறிய மண்வெட்டியோடு தோண்ட வந்தாள். அவள் குனிந்தால் போதும், மெஷின் அலறும். வளையலைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்றினாள். அப்போதும் அலறியது. கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "இதை மட்டும் கேக்காதீங்க" என்றாள்.

"ஒரு மணி நேரம்தானே? இந்தக் காட்டுல யாரு பாக்கப் போறா?"

கேட்டவன் நான்தான்.

அவள் ஆர்.வி.க்குள் போனாள். மஞ்சள் கிழங்குக்கு எங்கே போவது? சாம்பாருக்குக் கொண்டுவந்த மஞ்சள் தூளைக் குழைத்து, தையல் நூலைத் திரித்து அதில் தோய்த்து, முதலில் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகுதான் தாலிக் கொடியைக் கழற்றினாள். பருப்பு டப்பாவுக்குள் நகையை ஒளிக்கும் வீட்டில் வளர்ந்தவள். சமையல் சாமானில் திருடன் கை வைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. கொடியைப் பேப்பர் டவலில் சுருட்டி, காலியான தயிர் டப்பா ஒன்றில் போட்டு மூடி, மற்ற டப்பாக்களோடு வைத்தாள். நான் வெளியே மெஷினைத் திருகிக்கொண்டிருந்தேன். எதில் வைத்தாள் என்று கேட்கவில்லை.

அன்றைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலம் ஆர்.வி. டாங்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. "குளிக்காம கொடியைத் தொட மாட்டேன்" என்றாள். மறுநாள் காலையில் ஹைவே ஓரம், நம்மூர் பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினோம். அங்கே காசு போட்டுக் குளிக்கலாம். அவள் துண்டோடு போனாள்.

வண்டியைச் சுத்தமாகத் திருப்பித் தர வேண்டுமே என்று நான் உள்ளே சுத்தம் செய்ய இறங்கினேன். அமெரிக்காவில் நம் ஆட்கள் யாரும் தயிர் டப்பாவைத் தூக்கி எறிவதில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் எந்த டப்பாவில் ரசம், எதில் நிஜமாகவே தயிர் என்று திறந்தால்தான் தெரியும். மூன்று வருஷமாக அது எனக்கு எரிச்சல். இன்றைக்கு ஒழித்துவிடுகிறேன் என்று அத்தனையையும் குப்பைப் பையில் திணித்து, அங்கே இருந்த பெரிய குப்பைத் தொட்டியில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் குப்பை லாரி வந்து தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டு போனது. காபி குடித்தபடி அதை வேடிக்கை வேறு பார்த்தேன்.

அவள் ஈரத் தலையோடு வந்தாள்.

"இங்க இருந்த தயிர் டப்பால்லாம் எங்கங்க?"

அவள் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காபியைக் கீழே வைத்துவிட்டு லாரி போன ரோட்டைப் பார்த்தேன்.

கடைக்காரரிடம் வழி கேட்டு, குப்பை கொட்டும் இடத்துக்கு ஓட்டினேன். கேட்டில் இருந்தவரிடம் மெஷினைக் காட்டிக் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். ஒரு பெரிய இயந்திரம் குப்பையை அழுத்திக்கொண்டே போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று மண்ணைப் போட்டு மூடிக்கொண்டு வந்தது. வெளி ஆட்களை விடமுடியாது, விட்டாலும் உள்ளே எல்லாமே தகரம்தான், உங்கள் மெஷின் எதைக் கண்டுபிடிக்கும் என்றார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அவள் அழவில்லை.

"வாங்க, போலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அந்த நூலோடு இருந்தாள். புதிதாகச் செய்து ஊரிலிருந்துதான் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"அம்மா, தாலிக் கொடி தொலைஞ்சுபோச்சும்மா. நான்தான். எங்கயோ கழட்டி வெச்சு மறந்துட்டேன்."

மறுமுனையில் அத்தை கத்தியது எனக்கே கேட்டது. பொறுப்பில்லாதவள், கட்டினவனைப் பற்றிக் கவலை இல்லாதவள் என்று என்னென்னவோ. இவள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கையை நீட்டினால் ரிசீவர். வாங்கி, "நான்தான் அத்தை" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அத்தை போய்ச் சேரும்வரை மகள்தான் தொலைத்தாள் என்றே நம்பியிருந்தார்.