போகிறவள் நட்ட பூச்செடிகள்

இரண்டாயிரமாம் ஆண்டு, ஃபிஜியில் ஆட்சி கவிழ்ந்ததற்குப் பிந்தைய மாதங்கள். லம்பாசா ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. நியூசிலாந்து போக விண்ணப்பித்துவிட்டு, நானும் கணவரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தோம். கிளம்புகிற வீட்டில் பணம் இருக்கும் என்று கொள்ளைக்காரர்கள் கத்தியோடு வருகிறார்களாம்; ஊரெல்லாம் இதே பேச்சு. நாய் குரைத்தால் நெஞ்சு நின்றுவிடும்.

எங்கள் பக்கத்தில் யார் போகிறார்கள் என்பதை வாசலே காட்டிக்கொடுத்துவிடும். போக முடிவெடுத்தவர்கள் புதிதாகச் செடி வைக்க மாட்டார்கள். அதனால் நான் வைத்தேன். சாமந்தி, காசித்தும்பை, வேலியோரம் செம்பருத்திக் குச்சி. பொய்க்குத் தண்ணீர் ஊற்றினேன், பொய் மொட்டுவிட்டது. ரேடியோவை அணைத்துவிட்டு விடியலில் வெளியே வருவேன். முற்றிய காசித்தும்பைக் காய் விரல் பட்டதும் வெடிக்கும். அந்த ஒரு நொடி பயம் இருக்காது. அந்த நொடிக்காகவே எழுந்தேன்.

பக்கத்து வீட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். தினமும் வேலிக்கு வருவாள்.

"என்ன அக்கா, கவர்மெண்டே கவுந்து கெடக்குது, நீ பூவுக்குத் தண்ணி ஊத்துற!"

"பூவுக்குத் தெரியுமா கவர்மெண்டு?"

சிரிப்பாள். ஒரு நாள் காலையில் சிரிக்கவில்லை.

"ஆஸ்திரேலியாவுக்கு வந்துடுன்னு அண்ணன் பிரிஸ்பேன்லருந்து பேப்பர் அனுப்பிச்சான். இந்த மாசத்தோட கெடு முடியுது. நான் கையெழுத்துப் போடல. நீ இங்க செடி வெச்சிக்கிட்டு இருக்கியே, எனக்கென்ன பயம்னு உட்டுட்டேன்."

எங்கள் அனுமதிக் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது. அரிசி டின்னுக்குள் கிடந்தது. ஜன்னலில் நின்ற கணவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் சொல்லிவிட்டேன்.

"நாங்க போறோம். அடுத்த மாசம்."

அவள் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்போ இதெல்லாம்?"

"ஊரை ஏமாத்த."

"என்னையுமா அக்கா?"

உள்ளே போய்விட்டாள். பகல் முழுக்க அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று என் கணவர் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்தாள், கையில் காகிதக் கட்டோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க போடணும், காட்டு."

காட்டினேன். போட்டாள். நாங்கள் விமானம் ஏறும் வரை அவள் யாரிடமும் எங்களைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஊரை ஏமாற்றவும் என்னைத் தேற்றிக்கொள்ளவும் நான் வைத்த செடிகளை, இங்கேயே இருப்பேன் என்ற வாக்காக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். நாம் செய்வதைப் பார்த்து யாரோ தன் வாழ்க்கையை முடிவு செய்துகொண்டிருக்கலாம் என்ற நினைப்பு இன்றும் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.